பத்தாயிரம் பேர் தோற்க வேண்டும்

2023 ஜூலையில் லாஸ் வேகாஸ் நகரில் டேனியல் வைன்மன் என்ற அமெரிக்கர் சீட்டு விளையாடி ஒரு கோடியே 21 இலட்சம் டொலர் வென்றார். உலகப் போக்கர் தொடரின் தலையாய போட்டி அது. செய்தியைப் படிக்கிறவருக்கு முதலில் எழும் கேள்வி, இவ்வளவு பணத்தை எந்த முதலாளி தூக்கிக் கொடுத்தான் என்பதாகத்தான் இருக்கும். எவனும் கொடுக்கவில்லை. அந்த ஆண்டு 10,043 பேர் ஆளுக்குப் பத்தாயிரம் டொலர் கட்டி மேசையில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவர் கட்டியதிலும் 700 டொலரை நடத்துகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் 9,300. பெருக்கிப் பார்த்தால் 9 கோடியே 33 இலட்சத்து 99 ஆயிரத்து 900 டொலர். மொத்தப் பரிசென்று அறிவிக்கப்பட்ட தொகையும் சரியாக அதுதான். வெளியிலிருந்து ஒரு சதமும் வரவில்லை.

இலங்கை மலையகத்தில் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இது புதிய கணக்கு இல்லை. லயத்தில் பத்துப் பெண்கள் சேர்ந்து சம்பளத்தன்று சீட்டுக் கட்டுவார்கள். ஆளுக்கு ஐயாயிரம் என்றால் ஒருத்தி கைக்கு ஐம்பதாயிரம் வரும். மகள் பெரியவளானதற்குச் சடங்கு வைப்பாள், கூரைத் தகரம் மாற்றுவாள். அடுத்த மாதம் இன்னொருத்தியின் முறை. பத்து மாதம் கழிந்தால் பத்துப் பேரும் எடுத்திருப்பார்கள். வேகாஸிலும் இப்படித்தான் பலர் கட்டிச் சிலர் எடுக்கிறார்கள், ஆனால் அங்கே முறை வருவதில்லை. 2023இல் 1,507 பேருக்கு ஏதோவொரு தொகை கிடைத்தது. 8,536 பேர் வெறுங்கையோடு விமானம் ஏறினார்கள். பரிசு பெருக வேண்டுமானால் தோற்க வருகிறவர்கள் பெருக வேண்டும், வேறு வழி கிடையாது. ஐம்பத்தைந்து ஆண்டுகளாக இந்தப் போட்டி வளர்ந்த கதையை நான் தோற்க ஆள் சேர்த்த கதையாகவே படிக்கிறேன். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. ஆள் சேர்த்த விதத்தில் பெரிய சாமர்த்தியம் இருக்கிறது.

தொடங்கியவர் பென்னி பினியன். டெக்ஸாஸில் சட்டவிரோதச் சூது நடத்தி, கொலைக் குற்றச்சாட்டுகளையும் சுமந்து, லாஸ் வேகாஸுக்கு ஓடிவந்து ஹோர்ஸ்ஷூ என்ற கசினோவை வைத்த மனிதர். 1969இல் ரீனோ நகரில் வேறொருவர் நடத்திய சூதாடிகள் சந்திப்புக்குப் போய்வந்தவர், மறு வருடம் அதைத் தன் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். 1970இல் வந்தவர்கள் ஒரு கைவிரல் கணக்கைச் சற்றே தாண்டிய பழைய சூதாடிகள். போட்டியென்று சொல்லவே முடியாது. சில நாள் விளையாடினார்கள், பிறகு வாக்கெடுத்து ஜோனி மோஸ் என்பவரைச் சிறந்தவராகத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாரும் முதலில் தமக்குத்தாமே வாக்குப் போட்டுக்கொண்டதாகவும், இரண்டாவது சிறந்தவர் யார் என்று மாற்றிக் கேட்ட பிறகே முடிவு வந்ததாகவும் ஒரு கதை உண்டு. மெய்யோ பொய்யோ, சூதாடிகளை அறிந்தவர் கட்டிய கதை.

1971இல்தான் உண்மையான கண்டுபிடிப்பு நடந்தது. எல்லாரும் ஒரே தொகையைக் கட்ட வேண்டும். அதற்கு ஈடாக எல்லாருக்கும் ஒரே அளவு வில்லைகள். வில்லை தீர்ந்தவன் எழுந்துவிட வேண்டும், ஒருவன் மிஞ்சும்வரை ஆட்டம் ஓயாது. அந்த வருடம் கட்டணம் 5,000 டொலர். அடுத்த வருடம் பத்தாயிரமாயிற்று. அன்றிலிருந்து இன்றுவரை தலையாய போட்டிக்கு அதே பத்தாயிரம்தான்.

இந்த விதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சாதாரணச் சூதில் மேசையில் இருக்கும் வில்லை பணம். தோற்றவன் சட்டைப்பையிலிருந்து இன்னொரு நோட்டை எடுப்பான், அது தீர்ந்தால் மோதிரத்தைக் கழற்றுவான், அதன்பின் கடன். அதற்கு அடியே கிடையாது. போட்டியில் வில்லை வெறும் புள்ளி. எழுந்து போய் மாற்றிக்கொள்ள முடியாது. உள்ளே வரும்போதே இழப்பு எவ்வளவு என்று தெரியும், அதற்கு மேல் ஒரு சதம் போகாது. சூதாட்டத்துக்கு ஒரு தரை போட்டுக் கொடுத்தார்கள். மற்றப் போட்டிகள் பலவற்றில் தோற்றவன் மறுபடி கட்டி உள்ளே வரலாம் என்று பின்னால் தளர்த்திவிட்டபோதும், தலையாய போட்டியில் மட்டும் இன்றுவரை ஒருவனுக்கு ஒரே நுழைவு. குடும்பத்தோடு இருக்கிறவனும் ஒரு முறை போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தது இந்தத் தரையை நம்பித்தான். ஆனாலும் 1972இல் கட்டி உட்கார்ந்தவர்கள் எட்டுப் பேர்தான். அதில் வென்ற அமரில்லோ ஸ்லிம் என்பவருக்கு வாயில் சனி. அவர் தொலைக்காட்சி தொலைக்காட்சியாகப் போய்க் கதை அளந்ததே போட்டிக்குக் கிடைத்த முதல் விளம்பரம்.

அந்த வருடங்களில் நமது மலைகளில் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை. சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கைப்படி தோட்ட மக்களில் ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று 1964இல் எழுதிக்கொண்ட கணக்குக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தோட்டங்கள் அரசுடைமையாகின. 1973, 74இல் மாவுக்கும் பாணுக்கும் வரிசையில் நின்று, அதுவும் கிடைக்காமல், தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. ஒரே அண்ணன் தம்பியில் ஒருவர் தலைமன்னார் போய்க் கப்பலேற, மற்றவர் இங்கேயே இருந்துவிட்டார். எவர் முடிவு சரி என்று இரண்டு குடும்பமும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கின்றன. கையில் இருப்பதைக் கொண்டு, எதிரில் இருப்பது தெரியாமல், திரும்பப் பெற முடியாத ஒன்றை எடுத்து வைப்பது எங்கள் பாட்டன்மாருக்குப் பழக்கப்பட்டதுதான்.

எங்கள் பக்கத்தில் சீட்டுக்கட்டு பெரும்பாலும் வெளியே வருவது இழவு வீட்டில். பிரேதம் கிடக்கும் இரவு யாரும் தூங்கக் கூடாது. இஸ்தோப்பில் சாக்கை விரித்து, ஒரு பக்கம் கேரம், ஒரு பக்கம் 304. முப்பத்திரண்டு சீட்டு, நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஜாக் முப்பது, ஒன்பது இருபது, ஆஸ் பதினொன்று, பத்துக்குப் பத்து, ராஜா மூன்று, ராணி இரண்டு. ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. ராணியை விட ஒன்பதுக்கு மதிப்பு அதிகம் என்ற ஒரு விதிக்காகவே எனக்கு அந்த ஆட்டம் பிடிக்கும். கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். சுற்றி நிற்பவர்கள் நாலு கையையும் எட்டிப் பார்ப்பார்கள், உச்சுக்கொட்டுவார்கள், "அடேய், இத வச்சுக்கிட்டா பாஸ் சொன்ன?" என்று வைவார்கள். ஆடுகிறவரை விடப் பார்க்கிறவருக்கு அதிகம் தெரியும். அதனால்தான் விடியும்வரை கூட்டம் கலையாது.

போக்கருக்கு இது இல்லாமல் இருந்தது. ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு மறைவாக, நடுவில் ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொதுவாக. எதிராளியிடம் மறைந்த இரண்டையும் காணாமல் ஆடுவதே ஆட்டம். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குத் தொப்பி போட்ட ஆண்கள் வில்லையைத் தள்ளுவது மட்டும் தெரிந்தது. இதை மாற்றியவர் ஹென்றி ஓரன்ஸ்டைன். போலந்தில் பிறந்த யூதர், நாஜி முகாம்களிலிருந்து உயிரோடு மீண்டவர், அமெரிக்காவில் பொம்மைகளை வடிவமைத்துச் சம்பாதித்தவர். ஆடுகிறவர் முன்னால் மேசைக்குள் ஒரு கமெராவைப் பதித்து, மறைந்த சீட்டைப் பார்வையாளருக்கு மட்டும் காட்டும் ஏற்பாட்டுக்கு 1995இல் காப்புரிமை பெற்றார். 1999இல் பிரித்தானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று இத்தகைய கமெராவைக் கையாண்டது, பிறகு அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் சோபாவில் இருப்பவன் மேசையில் இருக்கும் ஜாம்பவானை விட அதிகம் அறிந்தவனானான். எல்லாச் சீட்டும் தெரிந்த நிலையில் எவருக்கும் ஆட்டம் சுலபமாகத்தான் தோன்றும். "இந்த மடையன் ஏன் மடக்கவில்லை, நானாக இருந்தால்..." என்று ஒருவன் நினைத்துவிட்டால் அவன் பாதி வழி வந்துவிட்டான். முகாமில் உயிர் பிழைத்த ஒரு முதியவருக்கு மறைத்துவைத்ததைப் பார்க்கும் ஆசை எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுண்டு. விடை தெரியாது, விட்டுவிடுகிறேன்.

மிச்சப் பாதிக்கு ஏணி வைத்தார்கள். பத்தாயிரம் டொலர் இல்லாதவர்கள் பலர் சேர்ந்து சிறு தொகை கட்டி ஒரு குட்டிப் போட்டி ஆடுவார்கள், வென்றவருக்குப் பெரிய போட்டியில் இருக்கை. பினியனின் கடையில் இது முன்பே இருந்த வழக்கம். இணையம் வந்ததும் ஏணி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் இறங்கியது. 2003இல் டெனசியைச் சேர்ந்த 27 வயதுக் கணக்காளர் ஒருவர், கிறிஸ் மனிமேக்கர், இணையத்தில் 86 டொலர் கட்டி ஆடி, படிப்படியாக ஏறி, தலையாய போட்டியில் இருக்கை பெற்றார். 839 பேர் கலந்துகொண்ட அந்தப் போட்டியில் அவரே வென்றார், 25 இலட்சம் டொலர். பெயர் புனைபெயரல்ல, பெற்றோர் வழி வந்த குடும்பப் பெயர். ஒரு விளம்பரக் கம்பனி உட்கார்ந்து யோசித்தாலும் கூச்சத்தில் கைவிட்டிருக்கக்கூடிய பெயர்.

அந்த 86 டொலரை எங்கள் கணக்கில் மாற்றிப் பார்த்தேன். டொலருக்கு 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 25,800 ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபா. தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்பார்கள். அப்படி ஏறத்தாழப் பத்தொன்பது பேர். மலையில் பிரட்டுக்குப் போய் நாள் முழுக்கக் கொழுந்தெடுத்து, அரைப்பேர் விழாமல், பத்தொன்பது நாள். முழுக் கட்டணம் பத்தாயிரம் டொலரென்றால் 2,222 பேர். மாதம் இருபத்தைந்து நாள் வேலை கிடைத்தால் ஏழு வருடமும் ஐந்து மாதமும், அதுவும் ஒரு வாய் சோறு தின்னாமல். ஏழு வருடத்தைக் காட்டினால் எவனும் ஓடிவிடுவான். பத்தொன்பது நாளைக் காட்டினால் நிற்பான். போட்டி வளர்ந்த இரகசியம் பரிசின் பெருமையில் இல்லை, இந்தச் சின்னத் தொகையில்தான் இருக்கிறது.

நின்றார்கள். 2004இல் 2,576 பேர், 2005இல் 5,619, 2006இல் 8,773. அந்த வருடம் அமெரிக்கா இணையச் சூதுக்குப் பணம் அனுப்புவதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது, வருகிறவர்களின் தொகை இறங்கியது. 2011 ஏப்ரலில் பெரிய இணையத் தளங்களை அமெரிக்க அரசு மூடியது. பிறகு மெல்ல மெல்ல ஏறி, 2023இல் பத்தாயிரத்தைத் தாண்டி, 2024இல் 10,112. காலத்துக்குக் காலம் லண்டனில் கிளை, மெல்போர்னில் கிளை, பஹாமாஸில் கிளை என்று திறந்தார்கள். 2007இல் லண்டனில் நடந்த முதலாவது ஐரோப்பியத் தலையாய போட்டியை வென்ற நோர்வேப் பெண் அனெட் ஒப்ரெஸ்டாடுக்கு மறுநாள்தான் பத்தொன்பது வயது. இருபத்தொன்று ஆகாததால் லாஸ் வேகாஸில் அவரை மேசைப் பக்கமே விட்டிருக்க மாட்டார்கள். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில், இலங்கைப் பூர்வீகம் கொண்ட அமெரிக்கர் உபேஷ்கா டி சில்வா கடைசி ஒன்பது பேருக்குள் வந்து, விளையாடப் போகும் நேரத்தில் கொரோனாப் பரிசோதனையில் சிக்கி, ஒன்பதாம் இடத்துப் பணத்தோடு திரும்ப வேண்டியதாயிற்று. சீட்டே பிடிக்காமல் தோற்றவர்.

எனக்கு நெருக்கமானவர் ஜெரி யாங். லாவோஸ் மலைகளைச் சேர்ந்த ஹமொங் இனத்தவர். அமெரிக்கா அங்கே இரகசியமாக நடத்திய போரில் அந்த மலைமக்களைக் கூலிக்குப் பிடித்துச் சண்டையிட வைத்து, 1975இல் கைவிட்டது. யாங்கின் குடும்பம் காட்டு வழியே தாய்லாந்துக்கு ஓடி அகதி முகாமில் கிடந்து, பிறகு அமெரிக்கா சேர்ந்தது. சமூகசேவைத் துறையில் வேலை, ஆறு பிள்ளைகள், சீட்டு விளையாடக் கற்று இரண்டே ஆண்டுகள். 225 டொலர் ஏணியில் ஏறி 2007இல் 6,357 பேரை முடித்து, 82 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் வென்றார். மேசையில் உரக்க ஜெபம் செய்தார். முன்பே நேர்ந்துகொண்டபடி பத்தில் ஒரு பங்கைத் தருமத்துக்குக் கொடுத்தார். இதோடு நிறுத்தினால் வார மலர்க் கதை. சில ஆண்டுகள் கழித்து வரி பாக்கிக்காக அமெரிக்க அரசு அவருடைய வெற்றிக் காப்பைப் பறிமுதல் செய்து 2013இல் ஏலம் விட்டது.

மூன்று முறை வென்ற ஸ்டு அங்கர், 1997இல் கட்டக் காசில்லாமல் இன்னொருவர் பணத்தில் உட்கார்ந்து வென்று, பரிசில் பாதியை அவருக்குக் கொடுத்து, 1998 நவம்பரில் ஒரு மலிவான விடுதி அறையில் இறந்துகிடந்தார். அவரளவு திறமை வேறெவருக்கும் இருந்ததில்லை என்று இன்றும் சொல்கிறார்கள். திறமை உண்டா இல்லையா என்பது நம் பக்கத்தில் நீதிமன்ற வழக்கு. தமிழ்நாட்டில் 2022இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தை ஆராய்ந்த சென்னை உயர் நீதிமன்றம், 2023இல் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களென்று விலக்குக் கொடுத்தது. 2025இல் இந்திய நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஒன்லைனில் ஆடுவது எதுவும் கூடாதென்று சட்டம் செய்தது. எனக்கு இந்த வழக்கில் பெரிய ஆர்வமில்லை. போக்கரில் திறமை நிச்சயமாக உண்டு. ஆனால் அதன் பலன் தெரிய ஆயிரக்கணக்கான தடவை ஆட வேண்டும், அத்தனை தடவையும் தோற்றுத் தாங்கப் பணம் வேண்டும். அதனால்தான் தொழில்முறை ஆட்டக்காரர்கள் தங்களையே பங்கு போட்டு விற்கிறார்கள். எவர் எவ்வளவு வென்றார் என்று உலகப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் வாங்கியது மட்டும்தான் இருக்கும், கட்டியது இருக்காது.

ராகலையில் போக்கர் மேசை கிடையாது. குதிரைப் பந்தயம் பிடிக்கும் புக்கிக் கடைகள் மலையகத்தின் டவுன்களில் உண்டு. ஏப்ரல் வசந்த காலத்தில் குதிரை நிஜமாகவே ஓடும் நுவரெலியா மைதானம் ராகலையிலிருந்து முப்பது கிலோமீட்டர் கூட இல்லை. ஆனால் கடைக்குள் பணம் கட்டுவது இங்கிலாந்துக் குதிரைக்கு. நியூமார்க்கட்டில் மழை பெய்தால் எந்தக் குதிரை தடுமாறும் என்று சொல்லக்கூடிய மனிதர்கள் நம்மில் இருக்கிறார்கள். அந்தக் கடையில் 1971இல் போட்ட தரை இல்லை. ஒவ்வொரு ஓட்டமும் புதிய கதவு. ஊருக்கு வரும் கடன் கம்பனிகள் கொடுக்கும் பணமும் அந்தக் கதவு வழியே உள்ளே போவதுண்டு. சட்டைப்பையில் தொலைபேசி வந்த பிறகு கடைக்குப் போகிற சிரமமும் இல்லை.

என்னிடம் படித்து, கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் பையன் தீபாவளி லீவில் வந்திருந்தான். தொலைபேசியில் இந்தப் போட்டியின் காணொளிகளைப் பார்க்கிறவன். மனிமேக்கர் கதையை எனக்கே விளக்கினான். பத்தொன்பது பேர் கணக்கைச் சொன்னேன். சிரித்தான்.

"கைக்காசுக்கும் போனா பதினஞ்சு நாள்ல எடுத்துறலாம் சேர்."

"எடுத்து?"

"ஒருக்கா போட்டுப் பாக்கலாமே. லீசிங்காரனுக்குக் கட்டுறதும் போறதுதானே."

அவனுக்கு உடனே சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. சீட்டுக் கட்டும் அவனுடைய அம்மாவிடம் இருக்கலாம்.

போட்டியை நடத்திய கடைக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் அவனுக்குச் சொன்னேன். 2004 ஜனவரியில், மனிமேக்கர் அங்கே வென்று எட்டு மாதம்கூட ஆகாத நிலையில், ஹோர்ஸ்ஷூ கசினோவுக்குள் மத்திய அரசின் அதிகாரிகள் நுழைந்து பணப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள், கடை மூடப்பட்டது. காரணம் சூதல்ல. தொழிலாளரின் ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் கட்ட வேண்டிய பணத்தை முதலாளிகள் கட்டவில்லை. அரசாங்கம் நடத்தும் தோட்டங்களே ஈ.பி.எப். கட்டாமல் வருடக்கணக்கில் நிலுவை வைத்ததைப் பார்த்த நமக்கு, உலகம் அறிந்த ஒரு சூதாட்ட மண்டபம் இதே பாக்கியில் விழுந்தது வேடிக்கையாக இருக்கும். அங்கே பணப்பெட்டியை உடனே எடுத்தார்கள் என்பதுதான் வித்தியாசம். போட்டியின் பெயரை ஹராஸ் என்ற பெருங்கம்பனி வாங்கியது, அதுவே பின்னாளில் சீசர்ஸ் ஆனது. 2024இல் சீசர்ஸ் அந்தப் பெயரை 50 கோடி டொலருக்கு விற்றது. வாங்கியது இணையத்தில் போக்கர் தளம் நடத்தும் கூட்டம். ஒரு தளம் 86 டொலருக்கு ஒரு கணக்காளரை மண்டபத்துக்கு அனுப்பி இருபத்தொரு வருடத்தில், இன்னொரு தளம் போட்டியையே வாங்கிவிட்டது. பையன் அந்தத் தளத்தின் பெயரைச் சரியாகச் சொன்னான். அவனுடைய தொலைபேசியில் அது ஏற்கெனவே இருந்தது.